பிரெஞ்சு மொழியில் புனிதர் பெயர்கள்

கிறித்தவப் புனிதர்களின் இலத்தீன் பெயர்களில் பெரும்பாலானவை பிரெஞ்சில் பொருளறிந்து பெயர்க்கப்பட்டவை அல்ல. மக்கள் நாவில் தேய்ந்து உருமாறியவை. ஸ்தெபானுஸ் 'எத்தியேன்' (முடியப்பர்) ஆனார். யாக்கோபுஸ் 'ழாக்' (யாகப்பர்) ஆனார். யோகான்னெஸ் 'ழான்' (அருளப்பர்) ஆனார். வட்டாரத்துக்கு வட்டாரம் வடிவமும் வேறுபட்டது. குவிரிக்குஸ் என்ற ஒரே புனிதர் சில ஊர்ப்பெயர்களில் 'சீர்' என்றும், சிலவற்றில் 'சீர்க்' என்றும், காஸ்கோனியில் 'க்ரிக்' என்றும் வழங்குகிறார்.

இடைக்காலம்

கி.பி. 880 அளவில் இயற்றப்பட்ட புனித எயுலாலியா பாடலே இன்று கிடைக்கும் மிகப் பழைய பிரெஞ்சு இலக்கியம். அதில் புனிதையின் பெயர் இலத்தீன் வடிவிலேயே நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ழான் த வின்யே 'பொன் புராணம்' என்னும் புனிதர் வரலாற்றுத் தொகுப்பை இலத்தீனிலிருந்து பிரெஞ்சில் தந்தார்.

புரட்சிக் காலம்

1793 அக்டோபரில் இயற்றப்பட்ட ஆணை, முடியாட்சியையும் மூடநம்பிக்கையையும் நினைவூட்டும் பெயர்களை மாற்றிக்கொள்ள ஊர்களுக்கு இடமளித்தது. சேன்-தெனி 'ஃபிரான்சியாத்' ஆயிற்று. சேன்-மாலோ 'போர்-மாலோ' ஆயிற்று. சேன்-ழெர்மேன்-ஆன்-லே 'நற்காற்று மலை' என்று பொருள்படும் பெயரை ஏற்றது. துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன சேன்-தெத்தியேன், ஆயுத நகரம் எனப்பட்டது. இக்காலத்தைச் சேர்ந்ததாக ஒரு வேடிக்கைக் கதையும் வழங்குகிறது. 'முசியே த சேன்-சீர்' என்று பெயர் சொன்ன ஒருவரிடம், இனி 'முசியே' கிடையாது, பிரபுக்களின் 'த' கிடையாது, புனிதரைக் குறிக்கும் 'சேன்' கிடையாது என்று அதிகாரி ஒவ்வொன்றாகக் கழித்தாராம். எஞ்சிய 'சீர்' அரசரை விளிக்கும் சொல்லைப் போலவே ஒலிப்பதால் அதுவும் போயிற்றாம். இது உண்மையில் நடந்ததா என்பது ஐயத்துக்குரியது. மாற்றப்பட்ட ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் பழையபடி திரும்பின.

1803 ஏப்ரல் 1ஆம் நாள் சட்டம், நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பண்டைய வரலாற்று மாந்தர் பெயர்களையும் மட்டுமே குழந்தைகளுக்கு இட அனுமதித்தது. இதனால் புனிதர் பெயர்கள் பதிவேட்டில் மீண்டும் வலுப்பெற்றன.

உச்சரிப்பு

'சேன்' என்பதன் ஈற்றுத் 'த்' பொதுவாக ஒலிக்காது. அடுத்த பெயர் உயிரில் தொடங்கினால் வெளிப்படும். சேன்-தெத்தியேன் இதற்குச் சான்று. பெண்பாலில் எப்போதும் 'சேன்த்'. இந்தச் சொல்லின் பழைய வடிவத்து இறுதி மெய் அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டதால், புனித என்னமோன் பெயரால் அமைந்த ஊர் 'சேன்-ஷாமோன்' ஆயிற்று என்பர். ஷாம்பாஞ் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கும் வெளியூரார் தடுமாறுவர். எழுத்துகள் நீண்டு கிடந்தாலும் உள்ளூரார் 'சேன்த்-மெனூ' என்று சுருக்கமாக முடித்துவிடுவர். பாரிசை அடுத்த 'சேன்-துவேன்' என்ற ஊரைச் 'சேன்-துவான்' என்போரும் உண்டு. இசையமைப்பாளர் கமீய் சேன்-சான்சின் (1835–1921) பெயரில் ஈற்று 'ஸ்' ஒலிக்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; இன்று ஒலிப்பதே பெருவழக்கு.

எழுத்துமுறை

புனிதரையே குறிக்கும்போது 'சேன்' சிற்றெழுத்தில், இணைகோடின்றி எழுதப்படும். அவர் பெயரிலான ஊர், தெரு, கோவில், திருவிழா ஆகியவற்றுக்குப் பேரெழுத்தும் இணைகோடும் வரும். அந்தச் சிறு கோட்டைக் கொண்டே குறிக்கப்படுவது ஆளா, இடமா என்று பிரித்தறியலாம்.

அண்மைக் காலம்

1993 ஜனவரி 8ஆம் நாள் சட்டம் பெற்றோருக்குப் பெயர் தேர்வில் சுதந்திரம் அளித்தது. குழந்தையின் நலனுக்கு ஊறு செய்யும் பெயர்களை நீதிமன்றம் தடுக்கலாம். ஆண்டிறுதியில் தபால்காரர்கள் வீடுதோறும் கொண்டுவரும் நாட்காட்டியில் நாள்தோறும் புனிதர் பெயர்கள் இன்றும் அச்சாகின்றன.