கடல் கொண்டதும் கடல் தந்ததும்

கடல்கோள் என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது இழப்பின் நினைவே. கபாடபுரத்தைக் கடல் கொண்ட கதையைச் சிறுவரும் அறிவர். ஆயின், கடல் பெருகியதால் மனிதர் பெற்ற நன்மையும் உண்டு. அந்நன்மையின் கரையிலேதான் நாம் வாழ்கின்றோம்.

இற்றைக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் வடபாகத்தைப் பெரும் பனிப்படலம் மூடியிருந்தது. கடல்மட்டம் இன்றையதிலும் ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்து கிடந்தன. பின்னர் வெப்பம் மிகுந்தது, பனி உருகிற்று, கடல் ஏறி ஆற்றுப் பள்ளங்களுட் புகுந்தது. அவ்வேற்றம் தணிந்தபின் அலைகள் மணலை வாரி வரம்பு கட்டின. வரம்பின் உட்புறத்தே நீர் தேங்கிக் களப்பாயிற்று. மட்டக்களப்பு என்னும் பெயரிலேயே அக்களப்பு நிற்கின்றது. இறாலும் மீனும், கண்டற்காடும், வண்டல் படிந்த வயலும் அப்பழைய வெப்பம் தந்த கொடைகளே.

இன்றைய வெப்பமும் இத்தகைய கொடை தருமா? 1896இல் காபனீரொட்சைட்டு மிகின் பூமி சூடேறும் எனக் கணித்தவர் சுவீடன் தேசத்து அறிஞர் அரீனியசு. குளிர்நாட்டவராகிய அவர் அதை நன்மையென்றே எண்ணினார். 1938இல் ஆங்கிலப் பொறியியலாளர் கலண்டர், பனியூழி திரும்புவது இதனால் தடைப்படும் என்றார். அக்கூற்றிலும் உண்மையுண்டு. மனிதர் வெளிவிடும் வாயுவால் அடுத்த பனியூழி குறைந்தது 1,00,000 ஆண்டுகள் பிற்படலாம் என்று 2016இல் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று. ஆனால், அவ்வாயு இல்லாவிடினும் பனியூழி வர இன்னும் 50,000 ஆண்டுகள் செல்லும் என்பதும் அவ்வாய்வின் முடிபே. அத்துணைத் தொலைவிலுள்ள ஆதாயத்துக்கு விலை கொடுப்போர் இன்று வாழ்பவர்.

பண்டைக் கடலேற்றம் பல்லாயிரம் ஆண்டு நிகழ்ந்தது. வேட்டையாடித் திரிந்த மாந்தர் இடம்பெயர்ந்து பிழைத்தனர். நமக்கோ வீடும் வயலும் கோயிலும் உண்டு. அவற்றைச் சுமந்து செல்லல் இயலாது.

மாங்கேணி, பனிச்சங்கேணி என்னும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். கேணியின் நன்னீரே ஊருக்குப் பெயராயிற்று. கடலோர மணலின் கீழ் அந்நன்னீர், கனத்த உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை இக்கரையோரக் கிணறுகளை ஒரே நாளில் உவராக்கியது. ஏறும் கடல் அதனையே ஓசையின்றி, ஆண்டாண்டாகச் செய்யும்.

இளைஞர்களே! கண்டலை வெட்டாது காப்போம். மணல்மேட்டை அள்ளாது விடுவோம். கேணி நீரை அளவோடு இறைப்போம். களப்பைக் காலம் தந்தது. கேணியைக் காப்பது நம் கடன்.