ஞானஸ்நானத்துக்கும் தானப்பத்திரத்துக்கும் இடையே



சகேயுவின் பிள்ளைகளைக் குறித்து நீங்கள் எப்போதாவது எண்ணிப்பார்த்ததுண்டா? இயேசு தங்கள் வீட்டில் தங்கிய அந்த நாளில், தகப்பன் எழுந்து நின்று ஆஸ்தியில் பாதியைத் தரித்திரருக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். நமக்கு அது மகிழ்ச்சியான செய்தி. அவருக்கு வாரிசுகள் இருந்திருந்தால், அவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? லூக்கா அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயரின் அமெரிக்கக் குடியேற்றமாகிய வர்ஜீனியாவில், ஏறக்குறைய அதே நிலையில் நின்ற ஒரு குடும்பத்தின் கதை நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்த வாரம் அதை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கதை தாத்தாவிடமிருந்து தொடங்குகிறது. இராபர்ட் கார்ட்டர் (1663–1732) என்ற அவரை ஊரார் 'அரசன் கார்ட்டர்' என்றே அழைத்தார்கள். அவர் சட்டசபையின் சபாநாயகராகவும், ஆளுநரின் ஆலோசனைச் சபை உறுப்பினராகவும், சிலகாலம் ஆளுநர் பொறுப்பிலும் இருந்தவர். ஏறத்தாழ 3,00,000 ஏக்கர் நிலமும், 1,000 பேர் அளவில் அடிமைகளும் அவருடைய உடைமை. பக்தியும் உண்டு. லங்காஸ்டர் வட்டாரத்தில் செங்கல்லால் அழகிய ஆலயம் ஒன்றைத் தம் சொந்தச் செலவில் எழுப்பினார். அவருடைய வண்டி வந்து சேரும்வரை சபையார் ஆலயத்துக்கு வெளியே காத்திருப்பார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. உண்மையோ கட்டுக்கதையோ, அப்படி ஒரு பேச்சு எழுந்ததே போதும். ஆலயம் யாருடையது என்று ஊர் எண்ணியிருந்தது என்பது விளங்குகிறது.

அவருடைய பேரனும் அதே பெயர் கொண்டவர். வரலாற்றாசிரியர்கள் மூன்றாம் இராபர்ட் கார்ட்டர் என்பார்கள். 1728இல் பிறந்த அவர் நான்கு வயதுக் குழந்தையாய் இருந்தபோது தகப்பனும் தாத்தாவும் ஒரே ஆண்டில் இறந்துபோனார்கள். 21 வயதில் 65,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அவர் கைக்கு வந்தது. இலண்டனுக்குச் சென்று சட்டம் பயின்று திரும்பி, 1754இல் மேரிலாந்தின் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சஸ் டாஸ்கரை மணந்தார். 1758இல் ஆலோசனைச் சபையில் இடம் பெற்றார். வில்லியம்ஸ்பர்க் நகரில் ஆளுநர் மாளிகைக்கு அருகிலேயே வீடு. மாலை வேளைகளில் ஆளுநரும் இளைஞரான தாமஸ் ஜெபர்சனும் அவரோடு இசைக்கருவி வாசித்தார்கள். பதினேழு பிள்ளைகள் பிறந்தார்கள்; பலரைச் சிறுவயதிலேயே அடக்கம்பண்ண வேண்டியிருந்தது.

1773இல் நோமினி ஹால் என்ற அந்தக் கிராமத்து மாளிகைக்குப் பிள்ளைகளின் ஆசிரியராக பிலிப் பித்தியன் என்ற இளைஞர் வந்தார். பின்னாளில் பிரெஸ்பிட்டேரியன் போதகரானவர். அவர் எழுதிவைத்த நாட்குறிப்பில் நடனமும் விருந்தும் நூலகமும் மட்டுமல்ல, அடிமைகளின் படி அரிசிக் கணக்கும் இருக்கிறது. அரிசி என்பது நம் வழக்கு, அங்கே மக்காச்சோளம். ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 9 லிட்டர் சோளமும் ஒரு பவுண்டு இறைச்சியும். அந்தப் பகுதியிலேயே மிகவும் இரக்கமுள்ள எஜமான் கார்ட்டர்தான் என்றும் பித்தியன் எழுதுகிறார். நல்ல எஜமான் என்ற சொல்லை நாம் எளிதாகக் கடந்துபோகக் கூடாது. பல நூற்றாண்டுகளாகச் சபை தன் மனச்சாட்சியை அந்தச் சொல்லின் மேல்தான் தலைசாய்த்துத் தூங்கவைத்தது.

வாலிபத்தில் கார்ட்டர் திருமறையின் தேவனை அதிகம் நாடியவர் அல்லர். 1777ஆம் ஆண்டு கோடையில், அம்மைத் தடுப்புக்கான ஊசிமுறையால் வந்த கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, உள்ளத்தில் ஓர் ஒளி உண்டானதாக அவரே சாட்சி சொன்னார். மறு ஆண்டு செப்டம்பரில் லூயிஸ் லன்ஸ்பர்ட் என்ற பாப்திஸ்து ஊழியர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்நாளில் பாப்திஸ்துகள் யார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்வரை அவர்களுடைய ஊழியர்கள் அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகச் சாட்டையடி பட்டு, சிறையில் கிடந்தவர்கள். ஏழைகளும் அடிமைகளும் நிறைந்த கூட்டம் அது. அரசன் கார்ட்டரின் பேரன், தம் சொந்த அடிமைகளோடு ஒரே சபையின் அங்கத்தினரானார்.

ஆனால் 1778இல் அவர் ஒருவரையும் விடுதலையாக்கவில்லை. இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுபோகிறது. ஞானஸ்நானத்துக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் இடையே 13 ஆண்டுகள் கழிந்தன. 1782வரை எஜமானர்கள் தாமாக விடுதலை கொடுக்கச் சட்டமே வழிவிடவில்லை என்பது உண்மை. ஆயினும் மீதி 9 ஆண்டுகளுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அந்த ஆண்டுகளில் ஏதோ ஒன்று மெதுவாக அவருக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. 1786இல் தம் இளைய குமாரர் இருவரை வடக்கே ரோட் தீவுக்கு, ஜேம்ஸ் மானிங் என்ற பாப்திஸ்து கல்லூரித் தலைவரிடம் அனுப்பினார். அடிமைமுறையின் நடுவே வளர்வது பிள்ளைகளைக் கெடுக்கும் என்பது அவருடைய எண்ணம். மூத்தவரில் ஒருவனாகிய இராபர்ட் பிளேடன், சூதாட்டக் கடனில் மூழ்கித் தகப்பனுடைய மனதை ஏற்கெனவே உடைத்திருந்தான். 1787இல் மனைவியும் இறந்துபோனார்.

சபை என்ன செய்தது? 1785இல் வர்ஜீனியா பாப்திஸ்துகளின் பொதுக்குழு, அடிமைமுறை தேவவார்த்தைக்கு விரோதமானது என்று தீர்மானித்தது. 1793இலோ, இது சட்டசபை தீர்க்கவேண்டிய காரியம் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. உறுப்பினர்களில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் அநேகர். போதகனாகிய எனக்கு இன்னும் வலிக்கிற செய்தி ஒன்றுண்டு. கார்ட்டர் தம் விடுதலைப் பத்திரத்தை எழுதிய நாட்களில் பாப்திஸ்து சபையைவிட்டு விலகி, ஸ்வீடன்போர்க் என்பவரின் போதனைகளைப் பின்பற்றத் தொடங்கியிருந்தார். அந்தப் போதனைகள் பலவற்றை நான் ஒப்புக்கொள்ள முடியாது. உபதேசத்தில் நம்மைவிட்டுத் தூரம் போனவர் கீழ்ப்படிந்த இடத்தில், உபதேசத்தில் உறுதியாய் நின்றவர்கள் கைகட்டி நின்றார்கள். இதை மூடிமறைத்து இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல எனக்கு மனமில்லை.

1791 ஆகஸ்டு 1ஆம் தேதியிட்ட பத்திரத்தைச் செப்டம்பர் 5 அன்று நார்தம்பர்லாந்து நீதிமன்றத்தில் அவர் ஒப்படைத்தார். அதற்குப் பெயர் தானப்பத்திரம். 452 பேரைப் பெயர் சொல்லி, வயது சொல்லி, பண்ணைவாரியாகப் பட்டியலிட்டிருந்தார். அவருடைய பண்ணைகளுக்கு மேஷம், ரிஷபம் என்று ராசிகளின் பெயர்கள்! மனிதரை அடிமைத்தனத்தில் வைத்திருப்பது மெய்யான மார்க்கத்துக்கும் நீதிக்கும் முரணானது என்று தாம் உணர்ந்திருப்பதாக அதில் காரணம் எழுதினார். ஆண்டுதோறும் 15 பேர் வீதம் விடுதலை. பிள்ளைகளில் ஆண்களுக்கு 21 வயதிலும், பெண்களுக்கு 18 வயதிலும். மெதுவான முறைதான். தன் பெயருக்கு எதிரே இருந்த ஆண்டை எண்ணிக் காத்திருந்த ஒரு தாய்க்கு அது இரக்கமாகத் தோன்றியிருக்குமா என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எனினும், நாட்டில் நடந்த உள்நாட்டுப் போருக்கு முன், தனி ஒருவர் இத்தனை பேரை விடுதலையாக்கியதாக வேறு செய்தி இல்லை. விடுதலை பெற்றவர்களில் பலருக்கு அவர் தம் நிலத்தையே குத்தகைக்கு விட்டார்.

அக்கம்பக்கத்தார் பொறுக்கவில்லை. தன் வீட்டுக்குத் தீ வைக்கிறவன் பக்கத்து வீட்டையும் சேர்த்தே எரிக்கிறான் என்ற பொருள்பட ஒருவர் பெயர் போடாமல் அவருக்குக் கடிதம் எழுதினார். வீட்டிலும் முணுமுணுப்பு. தங்கள் சுதந்தரவீதம் ஆண்டுக்குப் பதினைந்து பதினைந்தாகக் குறைவதைப் பிள்ளைகளும் மருமக்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1793இல் கார்ட்டர் எல்லாவற்றையும் விட்டு பால்டிமோருக்குக் குடிபோனார். அதே ஆண்டில் இராபர்ட் பிளேடன் இலண்டனில் உயிரிழந்தான். தம் சொந்தக் குடும்பத்தாரை நம்பிப் பத்திரத்தை விட்டுவைக்க முடியாது என்று கண்ட தகப்பன், 1797இல் பெஞ்சமின் டாசன் என்ற பாப்திஸ்து ஊழியரிடம், ஒரே ஒரு டாலர் பெற்றுக்கொண்டு, விடுதலையை நடத்தி முடிக்கும் அதிகாரத்தைக் கையளித்தார். சபைகளின் பொதுக்குழு விலகிப்போன பாரத்தை அந்த ஒரு ஊழியர் தோளில் ஏற்றுக்கொண்டார். கார்ட்டர் இறந்த பின் வாரிசுகள் எதிர்த்தபோதும், நீதிமன்றம்வரை சென்று அவர் அதை விடவில்லை.

இதற்கிடையே, 1806இல் வர்ஜீனியா ஒரு சட்டம் இயற்றியது. விடுதலை பெறுகிறவர் ஓராண்டுக்குள் அந்த மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டும். தாத்தா அரசன் கார்ட்டரின் மற்றொரு கிளையில், கொள்ளுப்பேத்தியின் மகனாகப் பிறந்தவர்தான் இராபர்ட் லீ. அடிமைமுறையைக் காக்க எழுந்த தென்மாநிலங்களின் படையை 1860களில் நடத்தியவர் அவரே.

கார்ட்டர் 1804 மார்ச் மாதம் பால்டிமோரில் காலமானார். மகன் ஜார்ஜ், தகப்பனின் உடலை நோமினி ஹாலுக்குக் கொண்டுபோய்த் தோட்டத்தில் அடக்கம்பண்ணினான். கல்லறையின்மேல் கல் எதுவும் நாட்டப்படவில்லை. மாளிகை 1850இல் தீக்கிரையானது. பத்திரத்தின் பட்டியல் மட்டும் பண்ணைக்குப் பண்ணை, பெயருக்குப் பெயர், இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது.