மாயசக்தி இருந்தால் குற்றவாளியா? 'இரும்புக்கை மாயாவி' படித்த வீட்டில் அடுத்து வாசிக்க 'நிமோனா'!

வேப்பம்பட்டில் லோக்கல் ட்ரெயின் ஏறினால் சென்ட்ரல் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆவடி வருவதற்குள் ரீல்ஸ் அலுத்துவிடும். 'படம் போட்ட கதையா ஏதாவது சொல்லுங்களேன்' என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மாயசக்தியைக் கண்டால் ஆயுதத்தோடு துரத்தும் ஓர் அரசு, அந்தச் சக்தி உள்ள ஒரு பெண், அவளை நம்பும் ஒரே ஒரு நண்பன். 'நிமோனா' கிராஃபிக் நாவலின் கதை இவ்வளவுதான். ஆனால் கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது.

முதலில் நம்ம மாயாவி

சட்டம் துரத்தும் மாயசக்திக்காரர் தமிழுக்குப் புதிது இல்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 'தி ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் தொடங்கிய கதை அது. ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது.

ஆய்வக உதவியாளர் லூயிஸ் கிராண்டேலுக்கு ஒரு கை இரும்பு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். சக்தி கிடைத்ததும் அவர் முதலில் செய்தது குற்றங்கள்தான். போலீஸ் தேடியது. பிறகு 'நிழற்படை' என்ற ரகசிய அமைப்பில் உளவாளியாகச் சேர்ந்த பின்னால்தான் ஊர் கொண்டாடும் ஹீரோ ஆனார்.

நிமோனா யார்?

அமெரிக்க ஓவியர் என்.டி.ஸ்டீவன்சன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 2012-ல் இணையத்தில் வாராவாரம் வரைந்த கதை இது. 2015-ல் ஹார்ப்பர்காலின்ஸ் புத்தகமாக வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டு இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. 2016-ல் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னரையும் வாங்கியது.

கதையில் பாலிஸ்டர் பிளாக்ஹார்ட் என்றொரு 'வில்லன்'. இவருக்கும் இயந்திரக் கை! போட்டி ஒன்றில் நெருங்கிய நண்பர் அம்ப்ரோசியஸின் ஈட்டி வெடித்ததில் கை போனது. வீரர்களை உருவாக்கும் அரசு அமைப்பு, கை இல்லாதவன் வேண்டாம் என்று அவரை வெளியே தள்ளியது. அவரிடம் ஒருநாள், "என்னை உதவியாளா சேர்த்துக்குங்க" என்று வந்து நிற்கிறாள் நிமோனா. பூனை, சுறா, டிராகன் என எந்த உருவமும் எடுக்கக்கூடியவள்.

இருவரும் துருவப்போனால், ஊருக்குச் சட்டம் சொல்லும் அந்த அமைப்பே விஷச்செடி ஒன்றை ரகசியமாகக் குவித்துவைத்திருப்பது தெரிகிறது. சட்டத்தை மீறுவது யார்? கதை இங்கேதான் சூடு பிடிக்கும்.

எங்கே வித்தியாசம்?

மாயாவியை ஊர் ஏற்றுக்கொண்டது, அவர் சக்தி அரசாங்கத்துக்குப் பயன்பட்டதால். நிமோனாவின் சக்தி யாருக்கும் முழுசாக அடங்காது. கோபம் வந்தால் அவளே ஆபத்தானவள். யோசிக்காமல் கொல்லவும் செய்வாள். பாலிஸ்டர் அதைக் கண்டிக்கிறார், சண்டை போடுகிறார், பயப்படவும் செய்கிறார். ஆனாலும் மற்றவர்கள் 'அரக்கி' என்று கத்தும் இடத்தில், அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

'மார்க் எடு, வேலைக்குப் போ, அப்புறம் மதிப்போம்' என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு இந்த நட்பு நிச்சயம் சுருக்கென்று தைக்கும். நம்மால் பிரயோஜனம் இல்லாத நாளிலும் கூட நிற்கும் ஆள் யார் என்ற கேள்வி, புத்தகத்தை மூடிய பிறகும் விடாது.

படமாகவும் வந்தது

அனிமேஷன் படமாக எடுத்துக்கொண்டிருந்த ப்ளூ ஸ்கை ஸ்டுடியோவை 2021-ல் டிஸ்னி மூடிவிட்டது. படமும் கைவிடப்பட்டது. பிறகு அன்னபூர்ணா நிறுவனம் கைகொடுக்க, 2023-ல் நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. படத்தில் பாலிஸ்டர் மீது ராணியைக் கொன்ற பழி விழுகிறது. புத்தகத்தின் கதை வேறு. அதனால் இரண்டையும் தனித்தனியாக ரசிக்கலாம்.

எப்படி ஆரம்பிக்கலாம்?

* ஆங்கிலம் எளிமைதான். பாதிக் கதையைப் படங்களே சொல்லிவிடும். பத்தாம் வகுப்பு ஆங்கிலமே போதும்.
* கொலை, ரத்தம் உண்டு. அதனால் 13 வயதுக்கு மேல் சரி.
* போனில் படிப்பதைவிட அச்சுப் புத்தகம் நல்லது. முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்க்கும்போதுதான் உருவம் மாறும் காட்சிகளின் அழகு தெரியும்.
* தமிழில்தான் வேண்டும் என்றால் மாயாவியிலிருந்து தொடங்குங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் லயன் - முத்து காமிக்ஸ் ஸ்டாலை விசாரியுங்கள்.

அதற்கு முன்னால் வீட்டுப் பரணில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அப்பாவோ தாத்தாவோ ஒளித்துவைத்த பழைய மாயாவி ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்தால், நிமோனாவை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கையைப் பற்றிப் பேச இரண்டு பேருக்கும் விஷயம் இருக்கும்!