யூ-532

யூ-532, இரண்டாம் உலகப் போரின்போது இந்து சமுத்திரத்தில் வணிகக் கப்பல்களைத் தாக்கிய ஜேர்மன் நீர்மூழ்கி. ஹம்பேர்க் நகரில் கட்டப்பட்டு 1942 நவம்பர் 11 அன்று சேவையில் இறங்கியது. நெடுந்தூர ஓட்டத்துக்கு ஏற்ற 9சி/40 வகையைச் சேர்ந்தது. தொடக்கம் முதல் சரணடையும் நாள் வரை அதன் தளபதி ஓட்டோஹைன்றிக் யுங்கர் ஒருவரே. 1914இல் இந்தக் கடலில் வணிகக் கப்பல்களை வேட்டையாடிய ஜேர்மன் போர்க்கப்பல் எம்டனின் பெயர் கொழும்பில் இன்றும் வழங்குகிறது. அதே கடற்பாதையில் அதே வேலையைச் செய்த இந்த நீர்மூழ்கியை நினைப்பார் இல்லை.

1943 வசந்தத்தில் வட அத்திலாந்திக்குக்குப் போன முதல் பயணத்தில் ஒரு கப்பலும் அகப்படவில்லை. ஆழக்குண்டு அடிபட்டு, மே மாதம் பிரான்சின் லோரியன் துறைமுகத்துக்குத் திரும்பியது. அந்த மே மாதத்தில் அத்திலாந்திக்கே ஜேர்மனியரின் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. காவல் குறைந்த கடலைத் தேடி அவர்கள் ‘மொன்சூன்’ என்ற அணியை இந்து சமுத்திரத்துக்கு அனுப்பினர். ஜூலை தொடக்கத்தில் யூ-532 புறப்பட்டது. அணியில் பல படகுகள் வழியிலேயே அழிந்தன. எஞ்சியவை செப்ரெம்பரில் மொரீசியசுக்குத் தெற்கே ‘பிராக்கே’ என்ற எண்ணெய்க் கப்பலிடம் எரிபொருள் நிரப்பிக்கொண்டு வடக்கே ஏறின.

அவர்கள் போட்ட கணக்குத் தப்பவில்லை. பிரித்தானியக் கீழைக் கடற்படையின் காவற்கப்பல்களில் பல அவ்வாண்டு மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டிருந்தன. வணிகக் கப்பல்கள் தனித்தனியே ஓடின. செப்ரெம்பர் 19 அன்று ‘போர்ட் லோங்கெயில்’ மூழ்கியது. அதில் தப்பியவர் இரண்டே பேர், இருவரும் இந்திய மாலுமிகள். 134 நாள் மிதவையில் அலைந்து சுமாத்திராப் பக்கம் கரையேறியவர்களை ஜப்பானியர் சிறைபிடித்தனர். செப்ரெம்பர் 29 அன்று ‘பன்ஃவ்ஷயர்’, ஒக்டோபர் 1 அன்று கொழும்பிலிருந்து ஏடனுக்குச் சென்ற ‘தஹ்சினியா’, 11ஆம் திகதி சிந்தியா கம்பனியின் இந்தியக் கப்பல் ‘ஜலபாலா’ என்று வரிசை நீண்டது. மலபார்க் கரையோரம் ‘பிரிட்டிஷ் பர்ப்பஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல் சேதத்துடன் தப்பியது. மாத முடிவில் நீர்மூழ்கி, ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த பினாங்கை அடைந்தது.

1944 ஜனவரியில் மீண்டும் புறப்பட்டு, அரபிக்கடலில் அமெரிக்கக் கப்பல் ‘வால்டர் கேம்ப்’பை மூழ்கடித்தது. அதன் பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்புவதே திட்டம். மார்ச் 12 அன்று ‘பிராக்கே’யைப் பிரித்தானிய நாசகாரி ‘ரோபக்’ தேடிப் பிடித்தது. ஜேர்மனியர் அதைத் தாங்களே மூழ்கடித்தனர். எரிபொருள் வழி அடைபட்டதால் யூ-532 பினாங்குக்கே திரும்பவேண்டியதாயிற்று. திரும்பும் வழியில்தான், மார்ச் 27 அன்று, சிட்னியிலிருந்து கொழும்புக்கு மாவும் தபால் பைகளும் ஏற்றி வந்த ‘துலாகி’ அதன் கண்ணில் பட்டது.

‘துலாகி’ 2,281 தொன் சிறு கப்பல்; ஒரு நிமிடத்துக்குள் நீருக்கடியில் போனது. அதிலிருந்த 54 பேரில் 15 பேர் மிதவைகளில் ஏறினர். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து சீசெல்சுத் தீவொன்றில் கரையேறியவர் ஏழு பேர். இந்த நீர்மூழ்கியின் பட்டியலில் மிகச் சிறியது இதுவே. ஆனால் கொழும்பைப் பொறுத்தவரை இதைச் சில்லறை இழப்பென்று தள்ள முடியாது. 1942இல் பர்மா விழுந்ததோடு இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. கூப்பனுக்குக் கிடைத்த அரிசி போதாமல் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அடுப்புகள் கோதுமை மாவுக்கு மாறியிருந்த காலம் அது. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் போட்ட குண்டுகளை நகரம் கண்ணால் கண்டது. நீர்மூழ்கிப் போரோ துறைமுகத்துக்கு வராத கப்பல்களாகவே அதற்குத் தெரிந்தது.

பின்னர் யுங்கரின் படகு வேட்டைக் கப்பலாக இருந்ததைவிடச் சரக்குத் தோணியாகவே பயன்பட்டது. 100 தொன்னுக்கு மேற்பட்ட வெள்ளீயம், றப்பர், குவினைன் முதலியவற்றோடு 1945 ஜனவரி 13 அன்று பத்தாவியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது. மார்ச்சில் அத்திலாந்திக்கில் ‘பரன் ஜெட்பேர்க்’, ‘ஒக்லஹோமா’ என்ற இரு கப்பல்களை மூழ்கடித்தது. சரக்கு சேருமுன் ஜேர்மனி வீழ்ந்தது. மே 13 அன்று ஸ்கொத்லாந்தின் லொக் எரிபோலில் சரணடைந்து, லிவர்பூலில் அந்தச் சரக்கைப் பிரித்தானியரிடமே இறக்கிக் கொடுத்தது. டிசெம்பர் 9 அன்று பிரித்தானிய நீர்மூழ்கி ‘தந்திவி’ அதை ரோப்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது.

மொத்தம் எட்டுக் கப்பல்கள், 46,895 தொன். அவற்றுள் ஆறு இந்து சமுத்திரத்தில் போனவை. அத்திலாந்திக் தளபதிகளின் எண்ணிக்கையோடு பார்த்தால் யுங்கருடையது நடுத்தரமானதே. அதிலும் பெரும்பங்கு, துணையின்றி ஓடிய கப்பல்களிடமிருந்து எடுத்தது. இத்தகைய வணிகக் கப்பல்களில் ஓடி அந்தப் போரில் மாண்ட இந்திய மாலுமிகள் சுமார் 6,000 பேரின் பெயர்கள் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகளில் பதிவாகியுள்ளன.