நர்ஸம்மாவிடம் வேலையையும் சொல்வோம்



1989-ல் நம்ம தமிழ்நாட்டு மகளிர் குழுக்கள் துளிர்விட்டது தர்மபுரி மாவட்டத்தில். 2004-ல் அதிலிருந்து பிரிந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். அங்கே சாமனப்பள்ளி கிராமத்தில்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இரண்டுக்கும் ஒரே மண்! வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களும் குழுப் பெண்கள்தான்.

அதற்கு முன்பே நம் வாசலுக்கு வந்தவர் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வார், தடுப்பூசி போடுவார். நோய் வருவதற்கு முன்பே தடுப்பது, ஆளோடு சேர்த்து வீடு, தண்ணீர், வேலை எல்லாவற்றையும் பார்ப்பது, இதுதான் சமுதாய நர்ஸ் வேலையின் அடிப்படை.

நம்ம விருத்தாசலத்தில் அந்த 'வேலை' ரொம்ப முக்கியம். பீங்கான் மாவுத் தூசியில் சிலிக்கா இருக்கு. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் சிலிக்கோசிஸ் வரும். அதைக் குணமாக்க மருந்தில்லை, தடுக்கத்தான் முடியும். இருமலும் மூச்சிரைப்பும் பார்ப்பதற்குக் காசநோய் மாதிரியே தெரியும். இந்த நோய் உள்ளவர்களைக் காசநோயும் எளிதில் தொற்றும்.

அதனால் இருமல்னு சொல்லும்போதே, "பீங்கான் பட்டறையில இத்தனை வருஷமா வேலை பாக்குறேன்"னும் சொல்லுங்க. பட்டறையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்தோடு துடைக்கச் சொல்லிக் கேளுங்க. கடன், சேமிப்பு பேசும் மாதக் கூட்டத்தில் இதையும் ஒரு தீர்மானமாக எழுதுவோம்.