அமெரிக்கப் போரும் தஞ்சாவூர் நெல்லும்

போன வருடம் ஜூலை 4 அன்று ஊரில் இருந்தேன். எங்கள் கிளையண்ட் அமெரிக்கக் கம்பெனி என்பதால் டீமுக்கே அன்று விடுமுறை. மடிக்கணினியைத் திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அப்பா கேட்டார்: "இன்னைக்கு என்னடா லீவு?"

"அமெரிக்காவுக்கு சுதந்திர தினம்ப்பா."

"அவனுக்கு சுதந்திரம் கெடச்சதுக்கு ஒனக்கு எதுக்குடா லீவு?"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஓடும் கொள்ளிடத்தின் கரை வரைக்கும் அந்தப் போர் வந்திருக்கிறது. அதன் கடைசிப் பெரிய சண்டையாகப் பல வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது பாஸ்டனிலோ யார்க்டவுனிலோ நடந்தது அல்ல. அது நம்ம கடலூரில் நடந்தது. இந்தக் கட்டுரை அப்பாவுக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட பதில்.

1763-இலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருடம் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் ஏழாண்டுப் போரை முடித்துவைத்தது. அதன் ஒரு ஷரத்தால் கனடா பிரிட்டனுக்குக் கிடைத்தது. இன்னொரு ஷரத்து முகமது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாப் என்று ஏற்றுக்கொண்டது. ஒரே காகிதத்தில் அமெரிக்காவும் ஆற்காடும். இரண்டு இடத்திலும் போர் விட்டுப்போனது கடன்தான். பிரிட்டன் தன் கடனை அடைக்க அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் வரி போட்டது. 1765-இல் வந்த முத்திரைத்தாள் சட்டம் அதில் முதல் பெரிய அடி. "எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்களுக்கு எப்படி வரி போடலாம்?" என்று அங்கே குரல் எழுந்தது.

நவாபின் கடன் வேறு மாதிரி. போர்ச் செலவுக்காகக் கம்பெனிக்குத் தர வேண்டியது ஒரு பக்கம். சென்னைக் கோட்டையில் சம்பளத்துக்கு இருந்த கம்பெனி ஊழியர்களிடமே பெருவட்டிக்கு வாங்கியது இன்னொரு பக்கம். கடனை அடைக்க அவர் கண் போன இடம் தஞ்சாவூர். அப்போது அங்கே மராத்திய மன்னர் துளஜா ஆண்டுகொண்டிருந்தார். காவிரி நீர் பாயும் நெல் பூமி. விளைச்சலில் அரசின் பங்கான மேல்வாரம் வருடம் தவறாமல் வந்துகொண்டிருந்த ராஜ்ஜியம். 1771-இல் ஒரு முறை, 1773-இல் மறுபடியும், கம்பெனிப் படையை வைத்துக்கொண்டு நவாப் தஞ்சாவூர் மேல் போனார். 1773 செப்டம்பரில் கோட்டை விழுந்தது. துளஜாவும் குடும்பமும் சிறைப்பட்டார்கள்.

அதே கம்பெனி லண்டனில் திவாலாகும் நிலையில் இருந்தது. 1770-இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். 1772-இல் லண்டனில் கடன் நெருக்கடி. கம்பெனி அரசாங்கத்திடம் 14 லட்சம் பவுன் கடன் வாங்க வேண்டியதாயிற்று. கிடங்குகளில் விற்காத சீனத் தேயிலை மலைபோல் கிடந்தது. அதைத் தள்ளிவிட 1773-இல் ஒரு தேயிலைச் சட்டம் கொண்டுவந்தார்கள். கம்பெனி நேரடியாக அமெரிக்காவில் விற்கலாம், விலையும் குறையும், ஆனால் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் நிற்கும். விலை குறைந்தாலும் சம்மதமில்லாத வரி வரிதானே என்றார்கள் பாஸ்டன்காரர்கள். டிசம்பர் 16 இரவில் 342 பெட்டித் தேயிலை கடலுக்குள் போனது. தஞ்சாவூர்க் கோட்டை விழுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

தஞ்சாவூர் விழுந்ததால்தான் பாஸ்டனில் தேயிலை கொட்டப்பட்டது என்று நான் சொல்லவில்லை. இரண்டிலும் ஒரே கம்பெனி, ஒரே பணப்பசி. அங்கே அதைத் தேயிலைப் பெட்டியாகத் துறைமுகத்தில் பார்த்தார்கள். இங்கே அது நவாபின் கொடியோடு வந்தது.

1776 இன்னும் விசேஷமான வருடம். தஞ்சாவூரைத் துளஜாவிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி லண்டன் இயக்குநர்கள் உத்தரவிட்டார்கள். சென்னை ஆளுநர் பிகாட் பிரபு ஏப்ரலில் நேரில் வந்து மன்னரை மறுபடி அமர்த்தினார். உடனே பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியர் எழுந்தார். நவாப் தஞ்சாவூர் வருவாயில் எனக்கு 1,62,000 பவுன் எழுதிக் கொடுத்திருக்கிறார், தஞ்சாவூரில் விளைந்து நிற்கும் பயிர் மேல் எனக்கு 72,000 பவுன் பாக்கி என்று சபையில் மனுப் போட்டார். அவருடைய சம்பளம் வருடத்துக்குச் சில நூறு பவுன்தான்!

அறுக்காத பயிர் அடமானத்தில் இருந்தது. நட்டவனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஜூலை 4-இல் பிலடெல்ஃபியாவில் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியது. ஆகஸ்ட் 24-இல் பென்ஃபீல்டின் பாக்கிக்குத் தடையாக நின்ற பிகாட்டைச் சொந்த சபை உறுப்பினர்களே கைதுசெய்ய வைத்தார்கள். கைதை முன்னின்று நடத்திய ராணுவ அதிகாரி ஜேம்ஸ் ஸ்டூவர்ட். மறுவருடம் மே மாதம் பிகாட் காவலிலேயே இறந்துபோனார். ஸ்டூவர்ட் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவார்.

சரி, அமெரிக்கப் போர் இங்கே எப்படி வந்தது? 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்தது. அதன் பிறகு பிரெஞ்சுக் கொடி பறந்த இடமெல்லாம் போர்க்களம். அந்த அக்டோபரில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தார்கள். 1779-இல் மலபார்க் கரையில் மாஹேயையும் பிடித்தார்கள். ஹைதர் அலிக்கு வெடிமருந்தும் ஆயுதமும் வந்து இறங்கிய துறைமுகம் மாஹே. அதைத் தொடாதே என்று அவர் எச்சரித்திருந்தார். அவருக்குப் பழைய கோபங்களும் நிறைய இருந்தன. 1780 ஜூலையில் பெரும்படையோடு கணவாய்களைத் தாண்டி இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கம்பெனிப் படையொன்றை நொறுக்கினார்.

ஹைதரின் போர்முறை எளிது. கம்பெனிப் படையைச் சோற்றில் அடிப்பது. கோட்டைகளைச் சுற்றியுள்ள நாட்டை எரித்து, மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் கோட்டைக்குள் இருப்பவன் எத்தனை நாள் தாங்குவான்? தளபதி கூட்டின் படை கடல்வழியாக வந்த அரிசியை நம்பித்தான் நகர முடிந்தது. இந்தக் கணக்கில் தஞ்சாவூர் தப்பவே முடியாது. அது கம்பெனியின் நெற்களஞ்சியம். 1781-இல் ஹைதரின் படை டெல்டாவுக்குள் புகுந்தது. ஊர்கள் எரிந்தன, மக்கள் ஓடினார்கள், மதகையும் வாய்க்காலையும் பார்க்க ஆளில்லை. தஞ்சைப் பகுதியில் அந்த நாட்களுக்கு 'ஐதர் கலாபம்' என்றே பெயர்.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, கொண்டுவர மாடு இல்லை. கேட்டால் ஒருத்தரும் தரவில்லை. கொடுத்த மாட்டுக்குக் கூலி வராது என்று அனுபவத்தில் தெரியும். மன்னரின் வாக்கும் செல்லவில்லை, கம்பெனியின் வாக்கும் செல்லவில்லை. கடைசியில் ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார், கூலிக்கு நான் பொறுப்பு என்றார். அவர் எழுதிவைத்த கணக்குப்படி ஆயிரம் மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. இந்தப் போரில் நான் அதிகம் யோசித்தது இந்த இடத்தைப் பற்றித்தான். இரண்டு அரசுகள் இருந்த ஊரில், மாடு வைத்திருந்தவன் நம்பியது ஒரு தனி ஆளை.

இதற்கிடையில் அமெரிக்கர்களோடு வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் மேலும் பிரிட்டன் 1780 டிசம்பரில் போர் அறிவித்தது. நாகப்பட்டினம் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1781 அக்டோபர் 19-இல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை வாஷிங்டனிடம் சரணடைந்தது. பள்ளிப் புத்தகத்தில் போர் ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடும். அதே மாதக் கடைசியில் நாகையில் முற்றுகை நடந்துகொண்டிருந்தது. நவம்பரில் நாகை விழுந்தது.

1782 பிப்ரவரியில் கொள்ளிடத்துக்குப் பக்கத்தில் அன்னக்குடியில், பிரெய்த்வெயிட் என்ற கர்னலின் சுமார் 2,000 பேர் கொண்ட படையைத் திப்பு சுற்றி வளைத்தார். திப்புவோடு பிரெஞ்சு வீரர்களும் இருந்தார்கள். மூன்றாம் நாள், பிப்ரவரி 18-இல், பிரெய்த்வெயிட் சரணடைந்தார். அதற்கு முந்தின நாள்தான் சதுரங்கப்பட்டினம் கடலில் பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரானும் ஆங்கிலேய அட்மிரல் ஹ்யூஸும் முதல் தடவை மோதிக்கொண்டார்கள். ஜூலை 6-இல் நாகப்பட்டினத்துக்கு எதிரே மறுபடி மோதினார்கள், பக்கத்துக்குப் பதினொரு பெரிய கப்பல். மொத்தம் ஐந்து சண்டை. கடல் யார் கையிலோ, அரிசி அவர்கள் கையில்.

ஐந்தாவது சண்டை கடலூருக்கு எதிரே, 1783 ஜூன் 20-இல். கடலூர்க் கோட்டையில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. தரையில் முற்றுகையிட்டவர் யார் தெரியுமா? ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். பென்ஃபீல்டின் பாக்கிக்காக ஆளுநரைக் கைதுசெய்த அதே ஸ்டூவர்ட். இரண்டு பக்கமும் ஏராளமானோர் செத்தார்கள். ஜூன் கடைசியில் ஒரு கப்பல் செய்தியோடு வந்தது: பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20-ஆம் தேதியே சமாதானம் பேசி முடித்துவிட்டன. ஐந்து மாதமாக முடிந்துபோன ஒரு போரை கடலூரில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அமெரிக்கர்களுக்கு ஹைதர் ஒரு நாயகன். 1782 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் 'ஹைதர் அலி' என்ற கப்பல், டெலவேர் விரிகுடாவில் 'ஜெனரல் மங்க்' என்ற ஆங்கிலக் கப்பலைப் பிடித்தது. முதலில் இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நம்மாள் பெயரில் அமெரிக்காவில் ஒரு போர்க்கப்பல்! அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பெயரைக் கப்பலுக்கு வைத்த அதே காலத்தில்தான், எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் ஓடினார்கள். கம்பெனியை எதிர்த்து இவ்வளவு தீரமாக நின்றவர் அவரைப் போல அன்று வேறு யாருமில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நெல்லை எரித்தது அவர் படை என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். பயிரை அடமானம் வாங்கியவர்களும், அதை எரித்தவர்களும், இருவருமே விளைவித்தவனைக் கேட்கவில்லை.

லண்டனில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பேசியவர் எட்மண்ட் பர்க். 1775-இல் அமெரிக்கர்களோடு சமரசம் செய்யச் சொல்லி வாதாடியவர். 1785 பிப்ரவரியில் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி நாடாளுமன்றத்தில் பேசிப் பென்ஃபீல்டைக் கிழித்தார். ஆனால் அவருக்கு நெருங்கிய வில்லியம் பர்க் தஞ்சாவூர் மன்னரின் ஏஜெண்டாக இருந்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வாக்கெடுப்பில் பர்க் தோற்றார். நவாபின் கடன்கள் கர்நாடக வருவாயிலிருந்தே அடைக்கப்பட்டன. அந்த வருவாய் யார் வியர்வை என்று சொல்ல வேண்டியதில்லை.

பாரிஸில் 1783 செப்டம்பரில் அமெரிக்கா சுதந்திர நாடானது. 1784-இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786-இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார், 1792-இல் திப்புவைத் தோற்கடித்தார். 1799-இல் தஞ்சாவூரின் ஆட்சி கம்பெனி கைக்குப் போனது. அங்கே இழந்த பேரரசை இங்கே கட்டிக்கொண்டார்கள்.

அந்தப் போருக்குத் தமிழ்நாட்டில் நினைவுச்சின்னம் உண்டா என்று தேடினேன். ஒன்று கிடைத்தது. போரும் பஞ்சமும் துரத்தச் சென்னைக்கு ஓடிவந்தவர்களுக்காக 1782-இல் அங்கே கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். அதுதான் மணியக்காரர் சத்திரம். பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. வடசென்னையில் பழைய ஆட்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள்.

இந்த வருடமும் ஜூலை 4-க்கு ஊருக்குப் போவேன். மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்தால் குறுவை நடவு நடந்துகொண்டிருக்கும். அப்பா மறுபடி கேட்டால், "நாமளும் அதுக்குக் காசு கொடுத்திருக்கோம்ப்பா" என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.