பொதுச் சந்தையின் வாயிலில் பிரிட்டன்

ஒரு நாடு மற்றொரு நாட்டின்மீது படையெடுத்த வரலாறுகளை நாம் நிரம்பப் படிக்கிறோம். ஒரு வல்லரசு, அண்டை நாடுகளின் கூட்டமைப்பில் தனக்கும் ஓரிடம் வேண்டுமென்று கேட்டு, இருமுறை மறுக்கப்பட்டு, பதினோர் ஆண்டுகளுக்கு மேல் வாயிலிலேயே காத்து நின்ற வரலாறும் உண்டு. இராஜதந்திரம் என்பது இன்னதென்று அறிய விரும்பும் மாணவர்களுக்கு அது நல்லதொரு பாடமாகும்.

1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் மும்முறை ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் போர்க்களத்தில் சந்தித்தனர். நான்காம் முறை போர் மூளாதிருக்க வழி என்ன? பீரங்கிக்கு எஃகு வேண்டும். எஃகு செய்ய நிலக்கரி வேண்டும். இவ்விரண்டையும் இரு நாடுகளுக்கும் பொதுவானதோர் அதிகாரத்தின்கீழ் வைத்துவிட்டால், ஒருவர் அறியாமல் மற்றவர் போருக்கு ஆயத்தம் செய்ய இயலாது. இந்த யோசனையைப் பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி ராபர்ட் ஷூமன் 1950-ம் ஆண்டு மே 9-ந் தேதி வெளியிட்டார். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் என்ற ஆறு நாடுகள் இதன்படி இணைந்தன. பின்னர் அவை 1957-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி ரோமாபுரியில் செய்துகொண்ட ஒப்பந்தத்தினால் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பிறந்தது. மக்கள் அதனைப் பொதுச் சந்தை என்றே வழங்கினர்.

பந்திக்கு முந்து என்பது நம் முன்னோர் வாக்கு. பிரிட்டனோ பிந்திக்கொண்டது. 1955-ல் நடந்த ஆயத்தப் பேச்சுகளுக்கு அழைப்பு வந்தபோது, வர்த்தக இலாகா அதிகாரி ஒருவரை அனுப்பியதோடு அது அமைந்தது. ஆண்டு முடிவதற்குள் அவரையும் திரும்ப அழைத்துக்கொண்டது. கடல் கடந்த காமன்வெல்த் நாடுகளும், அமெரிக்காவின் நட்பும் இருக்கும்போது ஐரோப்பாவின் உறவு எதற்கு என்பது அந்நாளைய ஆங்கிலத் தலைவர் பலரின் எண்ணம்.

சில ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. 1956-ல் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரிட்டனின் வலிமைக் குறைவை உலகம் கண்டது. ஆறு நாடுகளின் தொழில்களோ விரைந்து வளர்ந்தன. 1960-ல் வேறு ஆறு நாடுகளைச் சேர்த்துக்கொண்டு பிரிட்டன் அமைத்த சுதந்திர வர்த்தகச் சங்கம் பொதுச் சந்தைக்கு ஈடாகவில்லை. ஆகவே 1961-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி பிரதம மந்திரி ஹெரால்டு மாக்மில்லன், பொதுச் சந்தையில் சேர விண்ணப்பிக்கப் போவதாகப் பார்லிமெண்டில் அறிவித்தார். பேச்சுகளை நடத்தும் பொறுப்பு எட்வர்டு ஹீத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

பிரஸ்ஸெல்ஸ் நகரில் நடந்த பேச்சு பெரும்பாலும் உணவைப் பற்றியது என்றால் நீங்கள் வியப்படையலாம். வெளிநாட்டுத் தானியத்தை மலிவாக இறக்குமதி செய்து, தன் குடியானவருக்குக் கஜானாவிலிருந்து உதவித் தொகை கொடுப்பது பிரிட்டனின் வழக்கம். வெளிநாட்டுத் தானியத்தின்மீது வரி விதித்து உள்நாட்டு விலையை உயர்த்தி நிறுத்துவது ஆறு நாடுகளின் கொள்கை. பிரிட்டன் இக்கொள்கையை ஏற்றால் நியூஸிலாந்தின் வெண்ணெயும் ஆஸ்திரேலியாவின் கோதுமையும் எங்கே விலைபோகும்? அஸ்ஸாமிலும் நீலகிரியிலும் விளையும் தேயிலைக்கும், இந்திய நெசவுத் துணிக்கும், சணல் சாமான்களுக்கும் பிரிட்டனில் கிடைத்துவந்த சலுகை என்னவாகும்? 1962 செப்டம்பரில் லண்டனில் கூடிய காமன்வெல்த் பிரதம மந்திரிகள் மகாநாட்டில் இந்தக் கவலையே மேலோங்கி நின்றது. அம்மகாநாட்டில் ஜவஹர்லால் நேருவும் கலந்துகொண்டார்.

ஆயினும் விண்ணப்பத்தின் முடிவு வெண்ணெயிலும் தேயிலையிலும் மட்டும் அடங்கியிருக்கவில்லை. ரோமாபுரி ஒப்பந்தத்தின் 237-வது பிரிவின்படி, புதிய உறுப்பினரைச் சேர்க்க எல்லா உறுப்பினரும் ஒருமனதாக இசைய வேண்டும். ஐவர் இசைந்தும் ஒருவர் மறுத்தால் வாயில் திறவாது. அந்த ஒருவர் பிரெஞ்சு ஜனாதிபதி ஜெனரல் டி கால். 1940-ல் தாய்நாடு வீழ்ந்தபோது அவருக்குப் புகலிடம் அளித்தது லண்டன் மாநகரம். அவருடைய குரலைப் பிரெஞ்சு மக்களுக்குக் கொண்டுசென்றது லண்டன் வானொலி. எனினும் நன்றியுணர்ச்சி வேறு, நாட்டின் நலன் வேறு என்று கருதியவர் அவர்.

1962 டிசம்பரில் மாக்மில்லன் அவரை ராம்பூயே மாளிகையில் சந்தித்தார். அடுத்த சில நாட்களிலேயே நாஸௌ நகரில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியிடமிருந்து போலாரிஸ் ஏவுகணைகளைப் பெறவும் மாக்மில்லன் உடன்பாடு செய்துகொண்டார். பிரிட்டனின் உள்ளம் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருக்கிறது என்ற டி காலின் ஐயம் இதனால் உறுதிப்பட்டது. 1963-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி பத்திரிகை நிருபர்களிடையே அவர் தம் மறுப்பை வெளியிட்டார். பிரிட்டன் ஒரு தீவு. கடல் வாணிகத்தால் வாழ்வது. தொலைதூர நாடுகளோடு பிணைந்தது. அது உள்ளே வந்தால் ஐரோப்பா அமெரிக்காவின் நிழலில் ஒடுங்கிவிடும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். பிரெஞ்சு விவசாயிகளின் நலனே உண்மைக் காரணம் என்று கூறும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு. மற்ற ஐந்து நாடுகள் வருந்தின. ஆயினும் மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடெனாயர், பிரான்ஸின் நட்பை முறித்துக்கொள்ள விரும்பவில்லை. ஜனவரி 22-ந் தேதியே டி காலுடன் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஜனவரி 29-ந் தேதி பேச்சு முறிந்தது.

1967-ல் ஹெரால்டு வில்ஸன் மீண்டும் விண்ணப்பித்தார். அதே ஆண்டு நவம்பரில் டி கால் மீண்டும் மறுத்தார். 1969-ல் அவர் பதவி துறந்த பின்னரே வழி பிறந்தது. பிரதம மந்திரியாகிவிட்ட ஹீத், 1971 மே மாதம் பாரிஸில் ஜனாதிபதி பாம்பிடூவைச் சந்தித்து இணக்கம் கண்டார். 1973-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி டென்மார்க், அயர்லாந்து ஆகியவற்றோடு பிரிட்டனும் உறுப்பினராயிற்று.

காத்திருந்ததன் விலை பின்னர்த் தெரிந்தது. வேளாண்மைக் கொள்கையையும் நிதி விதிகளையும் ஆறு நாடுகள் தமக்கு ஏற்ப முன்பே வகுத்துவிட்டன. பின்னால் வந்த பிரிட்டன் அவற்றை அப்படியே ஏற்கவேண்டியதாயிற்று. பெற்றதைவிட மிகுதியாகக் கொடுக்கிறோம் என்ற குறை அங்கே வளர்ந்தது. அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற மார்கரெட் தாட்சர் 1984 வரை வழக்காட வேண்டியிருந்தது. 1975-ல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மூவரில் இருவர் உறவு நீடிக்கட்டும் என்றனர். 2016-ல் 100-க்கு 52 பேர் விலகுவோம் என்றனர். 2020-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி பிரிட்டன் வெளியேறியது. உறுப்பு நாடு ஒன்று விலகியது அதுவே முதல் தடவை.

டி கால் கூறியது மெய்யாயிற்று என்று இன்று சிலர் சொல்வர். முதலிலேயே சேர்ந்து விதிகளை வகுப்பதிலும் பங்கு கொண்டிருந்தால் பிரிட்டன் அவற்றை அந்நியமாகக் கருதியிருக்குமா என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1955-ல் அதிகாரி ஒருவரைத் திரும்ப அழைத்தது அன்று சிறிய செய்தியாகவே தோன்றிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த ஒரு வழக்கின் தொடக்கம் அதில் இருந்தது.